சமூகவியல் முதுகலை: கேட்டீர்கள், சொல்கிறோம்

சேர்க்கைக் காலம் என்பதால் எம்.ஏ. சமூகவியல் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒரே கேள்வியாக்கிவிட்டோம். ஆய்வேடு பற்றிய பதில்கள் நீண்டுவிட்டன. அங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

நான் பி.காம். முடித்தவள். எம்.ஏ. சமூகவியலில் சேர முடியுமா? சேர்ந்தால் பி.ஏ. சமூகவியல் படித்தவர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா?
*வாசகி, விருதுநகர்*

சேரலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எந்த இளநிலைப் பட்டத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. சில துறைகள் சமூகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். விண்ணப்பக் கையேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் பாருங்கள்.

உள்ளே போக இரண்டு வழிகள். சென்னை, பாரதிதாசன், பாரதியார், பெரியார், மனோன்மணியம் சுந்தரனார் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. புதுச்சேரி, ஹைதராபாத், ஜே.என்.யு., டெல்லி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இதில் ஒரு சிக்கல்: மத்தியத் தேர்வு மார்ச் வாக்கில் நடக்கும், அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி செமஸ்டர் முடிவு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

2025 தேர்வில் 75 கேள்விகள், 90 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. மைனஸ் மார்க்குக்குப் பயந்து பலர் தெரியாத கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். 4 கூட்டல், 3 கழித்தல். அப்போதும் 1 மிச்சம். நான்கு விடைகளில் ஒன்று நிச்சயம் தவறு என்று தெரிந்துவிட்டால் லாபம் இன்னும் கூடும். நேரம் இருக்கும்வரை எதையும் விடாதீர்கள்.

ஈடுகொடுப்பது பற்றி: பி.ஏ. படித்தவர்களுக்குக் குடும்பம், உறவுமுறை, சாதி, சமூகவியலின் முன்னோடிகளான மார்க்ஸ்–துர்கைம்–வெபர் எல்லாம் காதில் விழுந்திருக்கும். உங்களுக்கு விழுந்திருக்காது, அவ்வளவுதான். என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12ஆம் வகுப்பு சமூகவியல் புத்தகங்கள் வகுப்புக்கு இரண்டாக நான்கு இருக்கின்றன, இணையத்தில் இலவசம். கோடை விடுமுறையில் அந்த நான்கையும் முடித்துவிட்டால் முதல் செமஸ்டரில் தடுமாற மாட்டீர்கள். வணிகவியலில் படித்த புள்ளியியல் ஆராய்ச்சி முறையியல் தாளில் கைகொடுக்கும். அந்தத் தாளைக் கண்டு நடுங்குவது பெரும்பாலும் பி.ஏ.க்காரர்கள்தான்.

வேலைக்குப் போகிறேன். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படித்தால் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), பிஎச்.டி.க்குச் செல்லுமா? இக்னோ நல்லதா?
*வாசகர், ஓசூர்*

செல்லும், ஆனால் அந்த நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் நீங்கள் சேரும் ஆண்டில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்விப் பிரிவின் (டி.இ.பி.) அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்து, படிப்புக்கு இல்லாமல் போவது உண்டு. 2024 முதல் சேருகிறவர்கள் டி.இ.பி. ஐ.டி. என்ற எண்ணைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு ஏ.பி.சி. ஐ.டி. (படிப்புக் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கின் எண்) முன்கூட்டியே வேண்டும். “எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பணம் மட்டும் கட்டுங்கள்” என்று சொல்லும் தெருமுனை மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே மையம் நடத்துவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முதல் ஆண்டுக்கு நான்கு கட்டாயத் தாள்கள்: கோட்பாடுகள், ஆராய்ச்சி முறைகள், வளர்ச்சியின் சமூகவியல், இந்தியாவில் சமூகவியல். இரண்டாம் ஆண்டில் விருப்பத் தாள்கள். அச்சிட்ட பாடங்கள் தரமானவை. நேரடி வகுப்பில் படிக்கிறவர்களே அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். பாட ஒப்படைப்புக்கு 30 சதவீதம், ஜூன் அல்லது டிசம்பர் தேர்வுக்கு 70 சதவீதம். தேர்வில் நன்றாக எழுதிவிட்டு ஒப்படைப்பை அனுப்பாமல் விட்டால் அந்தத் தாள் முடிந்ததாகவே கணக்கில் வராது. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பட்டம் தள்ளிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

தொலைதூரத்தில் கிடைக்காதது கருத்தரங்க வகுப்பு. ஒரே கட்டுரையைப் பத்துப் பேர் படித்துவிட்டு வந்து சண்டை போடுவதற்கு ஈடு கிடையாது. ஓசூரில் இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடித்து, மாதம் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெபரின் புராட்டஸ்டன்ட் அறநெறி பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன், 15க்கு 6. தோழி நான்கு பக்கம் எழுதி 11 வாங்கினாள். எங்கே தப்பு?
*வாசகி, சேலம்*

75 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால் 15 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம். அதில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்றால் யோசிக்க ஒரு நிமிடமும் எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் கைடில் இருப்பதுபோல “வெபர் 1864இல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் பிறந்தார்” என்று தொடங்கி, அவருடைய நூல்களை வரிசையாகப் பட்டியல் போட்டு, மூன்றாம் பக்கத்தில்தான் கேள்விக்கே வந்திருப்பீர்கள். திருத்துகிறவர் அந்த மூன்று பக்கத்தையும் புரட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கேள்விக்கு உயிர் ஒரு சங்கிலியில் இருக்கிறது. யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிறது புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான கால்வினியம். மனிதனால் அதை மாற்ற முடியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. அதனால் தாங்க முடியாத மனப்பதற்றம். அதைத் தணிக்க, தொழிலைக் கடவுள் கொடுத்த பணியாகக் கொண்டு ஓயாமல் உழைப்பது. உழைத்துச் சம்பாதித்ததை ஆடம்பரத்தில் செலவழிப்பது பாவம். செலவழிக்காத பணம் மீண்டும் தொழிலுக்கே போகிறது. இந்த ஐந்து கண்ணிகளில் ஒன்று விட்டுப்போனாலும் மதத்துக்கும் முதலீட்டுக்கும் என்ன தொடர்பு என்பது புரியாது. விடைத்தாள்களில் பெரும்பாலும் விட்டுப்போவது மனப்பதற்றம்.

அடுத்த சறுக்கல், “புராட்டஸ்டன்ட் மதமே முதலாளித்துவத்தை உருவாக்கியது” என்று முடிப்பது. 1904–05இல் வெளிவந்த அந்தக் கட்டுரைகளில் வெபர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு மதநெறிக்கும் ஒரு பொருளியல் மனப்பான்மைக்கும் இருந்த ஒத்திசைவைக் காட்டினார். மார்க்ஸின் பொருளியல் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு ஒற்றைக்காரண விளக்கம் கொடுப்பது தன் நோக்கமில்லை என்று அவரே முடிவில் சொல்லியிருக்கிறார்.

கேள்வியில் “விமர்சன நோக்கில்” என்று இருந்தால் விடையில் மூன்றில் ஒரு பங்கு விமர்சனமாக இருக்க வேண்டும். புராட்டஸ்டன்ட் பிரிவு பிறந்த மதச் சீர்திருத்தத்துக்கு முன்பே வெனிஸ், ஃபிளாரன்ஸ் நகரங்களில் வங்கியும் வணிகமும் செழித்தது பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் சென்னைக்கு வாருங்கள். 1960களில் மில்டன் சிங்கர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் சென்னையின் தொழிலதிபர்கள் 19 பேரைச் சந்தித்துப் பேசினார். இந்து மதநெறி தொழில் முனைப்புக்குத் தடை என்ற எண்ணத்தோடு அவர் கண்டது ஒத்துப்போகவில்லை. அவர்கள் வீட்டில் ஆசாரத்தையும் தொழிற்சாலையில் நவீன நடைமுறையையும் தனித்தனி அறைகளில் வைத்துக்கொண்டு இரண்டையும் சிக்கலில்லாமல் நடத்தினார்கள். இதை ஐந்து வரியில் எழுதினாலே விடை தனியாகத் தெரியும்.

பழகுவதற்கு வழி: ஒவ்வொரு சிந்தனையாளருக்கும் ஒரு தாளில் நான்கு தலைப்பு. அவர் யாரோடு வாதிடுகிறார், வாதத்தின் படிகள் என்ன, என்ன சான்று காட்டுகிறார், எங்கே இடிக்கிறது. மூல நூலில் ஒரு அத்தியாயமாவது படித்திருந்தால்தான் மூன்றாவது தலைப்பை நிரப்ப முடியும். கைடில் அது இருக்காது.

“சமூக ஊடகங்கள் இளைஞர்களிடம் ஏற்படுத்தும் தாக்கம்” என்பது என் ஆய்வேட்டுத் தலைப்பு. கூகுள் ஃபார்மில் 100 பேரிடம் வாங்கப்போகிறேன். போதுமா?
*வாசகர், திருச்சி*

எண்ணிக்கையை அப்புறம் பார்ப்போம். தலைப்பிலேயே இரண்டு இடி. “தாக்கம்” என்று சொல்லிவிட்டால் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியது, அந்த மாற்றம் வேறு காரணத்தால் வரவில்லை என்று எப்படித் தெரியும் என்ற மூன்றுக்கும் விடை வேண்டும். ஒரே ஒருமுறை நிரப்பிய படிவத்தில் அது கிடைக்காது. “இளைஞர்கள்” என்றால் யார்? ஐ.டி. கம்பெனியில் இருக்கும் 28 வயதுக்காரரும் பாலிடெக்னிக் படிக்கும் 17 வயதுப் பையனும் ஒன்றா? கூகுள் ஃபார்மைப் பற்றிச் சொல்வதென்றால், அது உங்கள் வாட்ஸ்அப் குழுக்களைத் தாண்டிப் போகாது. நிரப்பிய 100 பேரும் உங்களைப் போன்றவர்களே. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்பது “இந்த நூறு பேர் யாருடைய பிரதிநிதிகள்?” என்றுதான்.

வெட்டிச் சுருக்குங்கள். “ஒரு விடுதியில் தங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவிகளின் கைபேசிப் பயன்பாட்டை வீட்டார் எப்படிக் கண்காணிக்கிறார்கள்?” இது ஒரு கேள்வி. யாரைப் பார்க்க வேண்டும், எங்கே போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. 20 பேரிடம் ஆழமாகப் பேசினால் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குத் தாராளம்.

தலைப்புக்கு அலைகிறவர்களுக்கு இரண்டு யோசனை. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்களை ஆராய்ந்து 1918இல் வெளியிட்டார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி ஆகியவை அதில் வரும் தமிழகக் கிராமங்கள். 1930களில் அவற்றை மறுபடியும் ஆராய்ந்தார்கள். உங்கள் வீடு அவற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் என்றால் ஒப்பிடுவதற்கு நூறு ஆண்டுத் தரவு கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் மறுஆய்வு செய்யப் புறப்படாதீர்கள். கூலி, கிணறு, வீட்டு மனை என்று ஒன்றை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை. இங்கே கேள்வி கேட்கும் விதம்தான் எல்லாம். “உங்கள் வீட்டில் பண முடிவுகளை யார் எடுப்பது?” என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் “ரெண்டு பேரும் சேர்ந்துதான்” என்பார்கள். அது பதில் இல்லை, மரியாதை. இப்படிக் கேளுங்கள்: “போன மாசம் ஆயிரம் ரூபாய் வந்ததும் யார் போய் எடுத்தது? ஏ.டி.எம். கார்டு யார்கிட்ட இருக்கு? முதல்ல எதுக்குக் கொடுத்தீங்க? கடைசியா நகை அடகு வெச்சது எப்போ? யார் போனாங்க? பணம் யார் கைக்கு வந்தது?” கடைசியாக நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேட்டால் மனிதர்கள் நடந்ததைச் சொல்வார்கள். பொதுவாகக் கேட்டால் நடக்க வேண்டியதைச் சொல்வார்கள்.

கேள்விப் பட்டியல் தயாரானதும் மாதிரியில் சேராத பத்துப் பேரிடம் முன்சோதனை செய்யுங்கள். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். “மின்சாரமும் தண்ணீரும் ஒழுங்காக வருகிறதா?” போல இரண்டைச் சேர்த்துக் கேட்டிருந்தால் பிரித்துவிடுங்கள். 40 நிமிடத்துக்கு மேல் போனால் குறையுங்கள்; அதற்கு மேல் கிடைக்கும் பதில்கள் அடுப்பில் இருப்பதை நினைத்துக்கொண்டு சொல்லப்படுபவை.

எங்கள் ஊரில் 420 வீடுகள். மாதிரி அளவைக் கணக்கிடும் யமனே சூத்திரப்படி 205 வருகிறது. நெறியாளர் 60 போதும் என்கிறார். யார் சரி? பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்கலாமா?
*வாசகி, திருவண்ணாமலை*

இருவரும் சரி. சூத்திரம் சொல்வது இவ்வளவுதான்: ஒரு விகிதத்தைக் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத் துல்லியத்தில் சொல்ல வேண்டுமென்றால் 205 வீடு. அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 60 வீட்டுக்குப் பிழை 12 சதவீதம் வரும். அதாவது பாதிப் பேர் “ஆம்” என்று சொன்னால் ஊரின் உண்மை நிலை 38 முதல் 62க்குள் எங்கேயும் இருக்கலாம். நுணுக்கமான சதவீதங்களைப் பேசாமல் பெரிய வேறுபாடுகளை மட்டும் பேசுவதென்றால் 60 தாங்கும். ஆய்வேட்டில் இந்த 12 சதவீதத்தை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். சூத்திரத்தைக் காட்டிவிட்டு, தெரிந்தவர்கள் வீட்டுக்கு மட்டும் போவதுதான் தவறு. சீரற்ற முறையில் தேர்ந்தெடுக்காத மாதிரிக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது.

முதலில் பட்டியல் வேண்டும். ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேடு கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் புறம்போக்கில் இருப்பவர்களும் வாடகைக் குடித்தனங்களும் அதில் விட்டுப்போயிருக்கலாம். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி நீங்களே கைவரைபடம் போட்டு எண் கொடுப்பது நல்லது. 420 வீட்டுக்கு இரண்டு நாள் ஆகும். 420ஐ 60ஆல் வகுத்தால் 7. ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு சீட்டு எடுங்கள். 4 வந்தால் 4, 11, 18, 25 என்று போகவேண்டும்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு கூடாது. பகலில் பூட்டிக் கிடப்பது கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு. அதை விட்டுவிட்டுத் திறந்திருக்கும் வீட்டுக்குப் போனால், உங்கள் மாதிரியில் முதியவர்களும் வேலைக்குப் போகாத பெண்களும் கூடிவிடுவார்கள். பிறகு “ஊரில் பெண்கள் வேலைக்குப் போவது குறைவு” என்று ஒரு கண்டுபிடிப்பும் எழுதிவிடுவீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை திரும்பிப் போங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் “கிடைக்கவில்லை” என்று எழுதி, எத்தனை வீடு என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளில், கல்விக்கும் கருத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கக் கை-வர்க்கச் சோதனை செய்தேன். பி மதிப்பு 0.03 வந்தது. வெளித் தேர்வாளர் “செல்லாது” என்று சொல்லிவிட்டார். ஏன்?
*வாசகர், கோவை*

உங்கள் கடிதத்தில் விடை இருக்கிறது: 60 பேர், கல்வி நான்கு நிலை, கருத்து மூன்று வகை. நாலு மூன்று பன்னிரண்டு கட்டம். 60 பேரைப் பன்னிரண்டில் பிரித்தால் கட்டத்துக்கு சராசரி 5 பேர். இந்தச் சோதனைக்கு எதிர்பார்ப்பு எண்ணிக்கை குறைந்தது 80 சதவீதக் கட்டங்களில் 5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் 1க்குக் கீழே போகக் கூடாது. எதிர்பார்ப்பு எண்ணிக்கை என்பது வரிசைக் கூட்டுத்தொகையை நெடுவரிசைக் கூட்டுத்தொகையால் பெருக்கி மொத்தத்தால் வகுப்பது. பள்ளிக்கே போகாதவர்கள் 12 பேர், “தெரியாது” என்றவர்கள் 9 பேர் என்றால் 12 × 9 ÷ 60 = 1.8. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் எத்தனை கட்டங்கள் 5க்குக் குறைவு என்று மென்பொருளே எழுதியிருக்கும். பி மதிப்பை நகலெடுக்கும் அவசரத்தில் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை.

கல்வியைப் பத்தாம் வகுப்புக்குக் கீழே, மேலே என்று இரண்டாக்குங்கள். கருத்தையும் இரண்டாக்க முடிந்தால் ஆக்குங்கள். இரண்டுக்கு இரண்டு அட்டவணையிலும் எண் குறைந்தால் ஃபிஷர் சோதனை இருக்கிறது. ஆனால் எப்படிச் சேர்ப்பது என்பதைப் பொருள் பார்த்து முன்பே முடிவு செய்யுங்கள். மாற்றி மாற்றிச் சேர்த்து எதில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வருகிறது என்று தேடுவது மோசடி.

கிராமத்தில் சாதியை எப்படிக் கேட்பது? தயக்கமாக இருக்கிறது.
*வாசகி, தஞ்சாவூர்*

தயக்கம் நல்லது. தஞ்சாவூரிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லலாம். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார்; ஸ்ரீபுரம் என்பது அவர் வைத்த புனைபெயர். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஆதிதிராவிடர் தெருவில் தன்னால் இயல்பாகப் புழங்க முடியவில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார். எந்தத் தெரு வழியாக நுழைகிறீர்கள் என்பதுதான் யார் உங்களோடு பேசுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. ஊராட்சித் தலைவரோடு பைக்கில் போய் இறங்கினால் காலனியில் நீங்கள் “தலைவர் அனுப்பிய பொண்ணு”. முதல் நாள் அஞ்சலகம், ரேஷன் கடை, அங்கன்வாடி என்று பொது இடங்களில் தனியாகத் தலைகாட்டுங்கள். காலனிக்கும் ஊருக்கும் ஒரே நாளில் போவதென்றால் காலனிக்கு முதலில் போங்கள்.

சாதிக் கேள்வியைப் பேட்டியின் கடைசியில், தனியாக இருக்கும்போது கேளுங்கள். முதலில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்ற அரசுப் பிரிவு. பெயர் தேவைப்பட்டால் மட்டும் பெயர். கூட்டத்தில் கேட்காதீர்கள். படிவத்தில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும், அதன் விளக்கம் வேறு நோட்டில். நிலம், வீடு, குலதெய்வக் கோயில், திருமண உறவு பற்றிப் பேசினாலே பெரும்பாலும் கேட்காமல் தெரிந்துவிடும். ஆனால் ஊகித்ததை ஊகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் புனைபெயர் வைத்துவிட்டு “வெண்ணாற்றங்கரையில், இன்ன ஊரிலிருந்து 3 கிலோமீட்டரில், ஏழு நிலை ராஜகோபுரம் உள்ள கிராமம்” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

பேட்டி எல்லாம் தமிழில். ஆய்வேடு ஆங்கிலத்தில். எப்படிச் சமாளிப்பது? எழுத்துத் திருட்டுச் சோதனையில் 34 சதவீதம் வந்துவிட்டது.
*வாசகர், மதுரை*

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் இறக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். 20 பேட்டி என்றால் பேட்டிக்குப் பிறகு மூன்று வாரம் அதற்கே போகும். இதைக் கணக்கில் வைக்காததால்தான் கடைசி மாதத்தில் ஆய்வேடுகள் சிதறுகின்றன. தமிழிலேயே இறக்குங்கள். தமிழிலேயே படித்துக் குறியிடுங்கள். ஆய்வேட்டில் மேற்கோளாக வரப்போகும் 30, 40 பத்திகளை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். எல்லாவற்றையும் முதலில் ஆங்கிலமாக்கினால் “அவங்க வீட்டுல கை நனைக்க மாட்டோம்” என்பது வெறும் “சாப்பிட மாட்டோம்” ஆகிவிடும். சாதி பற்றிய உங்கள் சான்று அதோடு போயிற்று.

பதிவுகளையும் களக் குறிப்புகளையும் அன்றிரவே இரண்டு இடத்தில் சேமியுங்கள். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் மைசூர் அருகே ராம்புராவில் எடுத்த களக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்திருந்தார். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அந்தத் தொகுப்பு எரிந்தது. நினைவிலிருந்து எழுதியே அவர் பெரும் நூல் ஒன்றைக் கொடுத்தார். நமக்கு அந்த நினைவாற்றல் வாய்க்குமா என்று தெரியாது.

34 சதவீதம் பற்றி: யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி தர வேண்டும். உடனே சொற்களை மாற்றிப்போட உட்காராதீர்கள். அறிக்கையைத் திறந்து எந்த அத்தியாயம் என்று பாருங்கள். பெரும்பாலும் முன்னாய்வுப் பகுதியும் முறையியல் இலக்கணங்களும்தான் சிவப்பாக இருக்கும். நூற்பட்டியல், மேற்கோள், தொடர்ந்து 14 சொற்களுக்கு உட்பட்ட பொதுத் தொடர்கள் கணக்கில் சேரக் கூடாது. மென்பொருளில் அந்த விலக்குகள் போடப்பட்டிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். முறையியல் அத்தியாயத்தில் “நேர்காணல் என்றால் என்ன” என்ற இலக்கணத்தை எடுத்துவிட்டு நீங்கள் யாரை, எப்போது, எங்கே உட்கார்ந்து பேட்டி எடுத்தீர்கள் என்று எழுதினால் அந்தப் பக்கங்கள் எவர் எழுத்தோடும் பொருந்தாது.

நெட் தேர்வுக்கு எப்போது தொடங்குவது?
*வாசகி, நாகர்கோவில்*

எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். முதல் தாள் 50 கேள்வி, சமூகவியல் தாள் 100 கேள்வி. மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், மைனஸ் கிடையாது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகாமல் போனால் தெரிந்த கேள்வியே தெரியாததுபோலத் தோன்றும். பாடத்திட்டம் பத்து அலகு. கோட்பாடு, ஆராய்ச்சி முறை இரண்டையும் முதலில் முடியுங்கள். மற்ற எட்டிலும் அவையே திரும்பத் திரும்ப வரும். சுற்றுச்சூழல், அறிவியல்–தொழில்நுட்பம் என்ற இரண்டு அலகுகளும் பல கல்லூரிகளில் நடத்தப்படுவதில்லை, நீங்களாகத்தான் படிக்க வேண்டும். நூலையும் ஆசிரியரையும் பொருத்துதல், ஆண்டு வரிசைப்படுத்துதல் போன்ற கேள்விகள் தவறாமல் வருவதால் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டிவையுங்கள்.

முதுகலையில் பொதுப்பிரிவுக்கு 55, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50 சதவீதம் வேண்டும். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய்.

எம்.ஏ. சமூகவியலும் பி.எட்.டும் முடித்தால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகலாமா? அல்லது எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாமா?
*வாசகர், கடலூர்*

தமிழ்நாடு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் சமூகவியல் தனிப் பாடமாக இல்லை. அதனால் முதுகலை ஆசிரியர் தேர்வில் அந்தப் பாடத்துக்கு இடம் எதிர்பார்க்க முடியாது. சி.பி.எஸ்.இ.யில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு உண்டு, ஆனால் எல்லாப் பள்ளிகளும் நடத்துவதில்லை. பள்ளி ஆசிரியர் வேலைதான் குறி என்றால் வரலாறோ பொருளியலோ படியுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) தொழிற்பயிற்சி. வாரத்தில் சில நாள் மருத்துவமனை, காப்பகம், தொழிற்சாலை என்று அனுப்புவார்கள். மருத்துவச் சமூகப் பணியாளர், தொழிற்சாலை நல அலுவலர் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டத்தைக் கேட்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் வரும் ஒப்பந்தப் பணிகளுக்குச் சமூகப்பணி, சமூகவியல், உளவியல் எதுவானாலும் ஏற்கும் விளம்பரங்கள் வருகின்றன. சமூகவியலுக்கு நேராகத் திறக்கும் இடங்கள் கல்லூரி ஆசிரியர் பணி, ஆய்வு நிறுவனங்கள், திட்ட மதிப்பீட்டு நிறுவனங்கள், சந்தை ஆய்வு. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாளுக்கு 500 மதிப்பெண், தமிழில் எழுதலாம். மதிப்பீட்டு நிறுவனங்களில் நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு உங்கள் ஆய்வேட்டின் கேள்விப் படிவத்தையும் மாதிரி எடுத்த விவரத்தையும் கொண்டுபோங்கள். பூட்டிய வீடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்.